மான்களை எண்ணுவது யார்?

1

எத்தனை மான் இருக்கிறது என்பது கணக்குக் கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் தீர்ந்துபோகும் என்று தோன்றும். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு மேலாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீரவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே சுப்பீரியர் ஏரி, மேற்கே மிசிசிப்பி ஆறு. மேல்பாதி காடு, கீழ்ப்பாதி மக்காச்சோளக் கொல்லையும் பால்பண்ணையும். அங்கே ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை நடக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கி, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளைவால் மானைத் தேடிப் போகிறார்கள். அப்பன் உட்கார்ந்த மரத்திலேயே மகனும் பரண் கட்டி உட்காருகிறான். ஒன்பதாம் நாள் இறங்கி வருகிறவர்களில் பலர், குறிப்பாக வடக்குக் காட்டுக்காரர்கள், சொல்கிற பேச்சு ஒன்றுதான்: 'மானே இல்லை.' மாநில இயற்கைவளத் துறை சொல்வது வேறு. பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறது, பல மாவட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, பெண்மான்களைச் சுடுங்கள் என்கிறது துறை.

இந்த ரெண்டு பேச்சையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறபோது நமக்குக் கைவசம் ஒரு சுலபமான வாசிப்பு இருக்கிறது. ஒருபக்கம் அரசின் அறிவியல், மறுபக்கம் மக்களின் அறிவு. எண் என்பது அதிகாரத்தின் மொழி. கண்ணால் கண்டது ஒடுக்கப்பட்ட அறிவு. ஃபூக்கோவைக் கொஞ்சம் படித்துவிட்டு வருகிற யாருக்கும் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். எனக்கும் போனது. ஆனால் இந்த வரலாற்றுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த வாசிப்பு காலை வாரிவிடுகிறது. 'எங்க தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான்' என்று வேட்டைக்காரன் சொல்கிற பல சங்கதிகள், அந்தத் தாத்தா காலத்தில் அரசு சட்டம் போட்டு, அபராதம் வாங்கி, அவர் தலையில் ஏற்றியவை. அவன் எந்த நிபுணர்களை மறுக்கிறானோ, அவர்களுடைய முந்தைய தலைமுறை கற்பித்த பாடத்தை வைத்துக்கொண்டுதான் மறுக்கிறான். அவன் உட்கார்ந்திருக்கிற பரண் யாருடைய மண்ணில் நிற்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மான் ஒரு சரக்கு. ரயில் வந்த பிறகு வடக்குக் காடுகளில் சுட்ட மான் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் இறைச்சிக் கடைகளில் தொங்கியது. தோல் பதனிடும் ஆலைக்குப் போயிற்று. 1900 வாக்கில் நாடு முழுக்க வெள்ளைவால் மான் ஐந்து லட்சமோ அதற்கும் கீழேயோதான் மிஞ்சியது என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற மதிப்பீடு. எல்க் என்கிற பெரிய மான், நம்முடைய கடமானைவிடவும் பெரியது, கிழக்கு மாநிலங்களில் அடியோடு அற்றுப்போய் மேற்கே ராக்கி மலைப் பக்கம் ஒதுங்கியது.

இதைத் தடுக்க முன்வந்தவர்களும் வேட்டைக்காரர்களே. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவருடைய சகாக்களும் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். வசதி படைத்தவர்கள், வேட்டையை விளையாட்டாக ஆடுகிறவர்கள். சந்தைக்கு விற்க வேட்டையாடுவது குற்றம், குழம்புச் சட்டிக்காக வேட்டையாடுவது கேவலம், பருவம் பார்த்து விதிப்படி வேட்டையாடுகிறவனே கண்ணியமான வேட்டைக்காரன் என்கிற ஒழுக்கம் இந்த வர்க்கத்தின் கைவேலை. 'சட்டி வேட்டைக்காரன்' என்று பொருள்படும் வசைச்சொல்லே ஆங்கிலத்தில் உண்டு. பசிக்குக் கொன்றால் இழிவு. பொழுதுபோக்காகக் கொன்றால் மேன்மை. விளையாட்டுக்கும் வேட்டை விலங்குக்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டங்கள் வரிசையாக வந்தன. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டி விற்கக்கூடாது என்றது 1900-இன் லேசி சட்டம். இவை மான்களைக் காப்பாற்றின, அதில் சந்தேகமில்லை. அதே சமயம் யார் வேட்டைக்காரன், யார் திருடன் என்பதையும் இவைதான் பிரித்தன. 1909-இல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை பெறாத வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வேட்டையாடக்கூடாது. ரைஃபிளோ ஷாட்கன்னோ வைத்திருக்கவும் கூடாது. சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் உழைத்த இத்தாலியத் தொழிலாளர்கள்தான் இதில் முக்கியமாக மாட்டியவர்கள். 1914-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது.

வயோமிங்கில் 1895-இல் பானாக் பழங்குடி மனிதர் ஒருவர் ஏழு எல்க்குகளைக் கொன்றதற்காகப் பிடிக்கப்பட்டார். 1868-இல் அமெரிக்க அரசு அவர் மக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், யாரும் குடியேறாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. 1896-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வயோமிங் 1890-இல் மாநிலமாகிவிட்டது, ஆகவே அந்த உரிமை போய்விட்டது. ஒரு பிரதேசத்துக்கு மாநிலம் என்று பெயர் மாறியதும் ஒரு சனத்தின் சோறு சட்டவிரோதமாயிற்று.

மான்களைப் பற்றி வேட்டைக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற பேச்சையெல்லாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த 'வேட்டைக்காரர்கள்' என்கிற பன்மைக்குள் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளியும் பானாக் மனிதரும் இல்லை. அவர்களை வெளியேற்றிய பிறகு மிஞ்சியதுதான் அந்தப் பன்மை.

3

அடுத்த கட்டத்தில் மான் பயிராக மாறுகிறது. இதற்கு மொழி கொடுத்தவர் ஆல்டோ லியோபோல்ட் (1887–1948). வனத்துறை அதிகாரி, பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர், கடைசிவரை வேட்டைக்காரர். வேட்டை விலங்கு மேலாண்மை பற்றி 1933-இல் அவர் எழுதிய பாடநூல் ஒரு துறையையே தொடங்கிவைத்தது. நிலத்திலிருந்து வருஷா வருஷம் வேட்டை விலங்கு விளைச்சல் எடுக்கலாம், அதற்கொரு கலை உண்டு என்பது அந்த நூலின் அடிப்படை. இன்றைக்கும் மாநிலத் துறைகள் 'இத்தனை மான் கொல்லப்பட்டது' என்று எழுதுவதில்லை. 'இத்தனை மான் அறுவடையாயிற்று' என்றுதான் எழுதுகின்றன.

அறுவடை என்றால் விதைத்தது யார் என்ற கேள்வி வரும். வேட்டைக்காரனிடம் பதில் தயாராக இருக்கிறது. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் விதிக்கிற வரி மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அங்கேதான். 'என் காசில் வளர்ந்த மான், என்னைக் கேட்காமல் எப்படி முடிவெடுப்பாய்?' என்கிற தொனி அங்கே கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிற ஒன்று. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. துறையின் சம்பளப் பட்டியலில் ஒரு பங்கு அவன் பையிலிருந்து வருகிறது. ஆளப்படுகிறவனே ஆட்சியின் புரவலனாகவும் இருக்கிற விசித்திரமான ஏற்பாடு.

இந்தத் துறையின் ஆதிக் கதை என்று ஒன்று உண்டு. அரிசோனாவில் கிராண்ட் கேன்யனின் வடகரையில் கைபாப் என்றொரு பீடபூமி. 1906-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதை வேட்டை விலங்குக் காப்பிடமாக அறிவித்தார். மான் வேட்டை நின்றது. ஆடுமாடு மேய்ச்சல் குறைக்கப்பட்டது. அரசு வேட்டைக்காரர்கள் பூமாக்களையும் கயோட்டிகளையும் ஓநாய்களையும் கொன்று தீர்த்தார்கள். மான் பெருகியது. 4,000 இருந்தது 1924-இல் ஒரு லட்சமாயிற்று, மரப்பட்டை வரைக்கும் தின்று தீர்த்து அடுத்த குளிர்காலங்களில் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தது என்பது பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக வந்த கதை. இயற்கையின் சமநிலைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டா என்று ஆசிரியர்கள் வரைபடம் போட்டுக் காட்டினார்கள்.

1970-இல் கிரேம் காக்லி என்கிற சூழலியலாளர் அந்த வரைபடத்தின் மூல ஆவணங்களைத் தேடிப் போனார். 1924-க்கு 30,000 என்று ஒரு மதிப்பீடும் இருந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஒரு லட்சமும் இருந்தது. பாடநூல் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டது. மான் பெருகியதும் செத்ததும் நிஜம். அது எத்தனை, எதனால் என்பதில்தான் உறுதியில்லை. துறையைப் பெற்ற கதையிலேயே எண் ஆட்டம் கண்டது என்பதை மனசில் வைத்துக்கொள்வோம்.

கைபாப்பில் இன்னொரு கூத்தும் நடந்தது. மான்களைச் சுடவேண்டாம், ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார் உள்ளூர்க்காரர் ஒருவர். 1924 டிசம்பரில் குதிரைக்காரர்களும் நவஹோ பழங்குடியினருமாக நூறு பேருக்கு மேல் வரிசையாக நின்று, மாட்டுமணி அடித்து, கூச்சல் போட்டு, மான் கூட்டத்தைக் கேன்யனுக்குள் இறக்கி மறுகரைக்கு ஏற்றப் பார்த்தார்கள். நாவலாசிரியர் ஸேன் கிரே வேடிக்கை பார்க்க மட்டும் வரவில்லை, இந்த முயற்சியில் சேர்ந்துகொண்டார். பனி கொட்டியது. மான்கள் ஓட்டுகிறவர்களுக்கு நடுவிலேயே புகுந்து பின்னால் ஓடிப்போய்விட்டன. ஒரு மான்கூட மறுகரைக்குப் போகவில்லை. பிறகு மத்திய அரசு ஆட்களை வைத்துச் சுட ஆரம்பித்தது. அரிசோனா மாநிலம் தன்னுடைய சட்டப்படி அதைத் தடுத்தது. 1928-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசு தன் நிலத்தைக் காக்க மான்களைக் கொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. மான் யாருடையது என்ற வழக்கு, நிலம் யாருடையது என்ற வழக்காக முடிந்தது.

4

இனி 1943. இந்தக் கட்டுரையின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

விஸ்கான்சினில் மான் அருகிப்போயிருந்த காலத்தில், 1915-இல், ஒரு சட்டம் வந்தது: கொம்புள்ள ஆண்மானை மட்டும் சுடலாம், அதுவும் ஆளுக்கு ஒன்று. நம் பழைய தமிழில் சொன்னால் கலையைச் சுடு, பிணையைத் தொடாதே. கணக்கு எளிது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பெண் மிஞ்சினால் குட்டி மிஞ்சும். கூடவே காட்டுக் காவலர்கள், அபராதம், பிரசாரம். பெண்மானைச் சுடுகிறவன் ஆண்மகனே இல்லை என்கிற அளவுக்கு அது ஊறியது. அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான். கால் நூற்றாண்டில் சட்டம் ஒழுக்கமாகவும், ஒழுக்கம் மரபாகவும் ஆகிவிட்டது.

இதற்குள் காடு மாறிவிட்டது. மரம் வெட்டி, தீ வைத்து அழிக்கப்பட்ட வடக்குக் காடுகளில் இளந்துளிர் மண்டியது. மானுக்கு அதுதான் விருந்து. ஓநாய் மிகவும் குறைந்துபோயிருந்தது. 1940 வாக்கில் குளிர்காலத்தில் மான்கள் ஒதுங்குகிற செடார்ச் சதுப்புகளில், மான் பின்னங்காலில் நின்றால் வாய் எட்டுகிற உயரம்வரை எல்லா மரமும் மொட்டையாக இருந்தது. குட்டிகள்தான் முதலில் செத்தன. லியோபோல்ட் குடிமக்கள் குழு ஒன்றின் தலைவராக இருந்து, சந்தேகப்பட்டவர்களையும் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பட்டினியில் செத்த மான்களைக் காட்டினார். வைக்கோல் போடலாமே என்றார்கள். வயிறு நிறைய வைக்கோலோடு மான் சாகும், அதன் குடலுக்கு அது சேராது என்றார்.

1943-இல் அவர் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரானார். அந்த நவம்பரில் முதல் நான்கு நாள் ஆண்மான், பிறகு நான்கு நாள் கொம்பில்லாத மான் என்று வேட்டை திறக்கப்பட்டது. சுமார் 1,28,000 மான்கள் செத்தன. ஊரே கொந்தளித்தது. 'நாற்பத்துமூன்றின் குற்றம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மான்களைக் காப்பாற்றக் குழு அமைந்தது, அதற்கொரு பத்திரிகை வந்தது. பேராசிரியருக்குக் காடு தெரியுமா, புத்தகம்தானே தெரியும் என்கிற ரகமான வசை லியோபோல்டின் தலையில் கொட்டியது. அடுத்த ஆண்டே பழையபடி ஆண்மான் மட்டும் என்றாயிற்று. 1948 ஏப்ரலில், பக்கத்து நிலத்தில் பிடித்த புல் தீயை அணைக்கப் போன இடத்தில் லியோபோல்ட் மாரடைப்பில் இறந்தார். அவர் கேட்ட மான் கொள்கை அவர் காலத்தில் நிலைபெறவில்லை.

இந்தச் சம்பவத்தை 'அறிவியலுக்கு எதிரான அறியாமை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'நிபுணருக்கு எதிரான மக்கள் அறிவு' என்றும் எழுதலாம். ரெண்டுமே போதாது. 1943-இல் வேட்டைக்காரன் எதைக் காப்பாற்ற எழுந்தான்? 1915-இல் அதே அரசு அவனுக்குச் சொன்னதை. 'பெண்மானைச் சுடாதே' என்று சொன்ன வாயே இப்போது 'சுடு' என்கிறது. அவன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி: அன்றைக்குப் பொய் சொன்னாயா, இன்றைக்குச் சொல்கிறாயா? நிபுணரிடம் பதில் இருந்தது: அன்றைக்கு மான் இல்லை, இன்றைக்கு மிஞ்சிவிட்டது, நிலைமை மாறினால் விதி மாறும். ஆனால் மேலாண்மை தன் விதியை அப்படி விளக்கிப் பழகவில்லை. விதியை விதியாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அதை ஒழுக்கமாகச் சொல்லிக்கொடுத்தது. ஒழுக்கத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. நிபுணர் மோதியது தன்னுடைய பழைய உருவத்தோடுதான்.

ஆனால் இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாமே சொல்லாடல், எல்லாமே கட்டமைப்பு என்று பேசிக்கொண்டே போனால் அந்தச் செடார்ச் சதுப்பு நம் கண்ணில் படாது. குட்டி எட்டாத கிளையைப் பார்த்துக்கொண்டே சாவது சொல்லாடல் இல்லை. லியோபோல்ட் அந்த விஷயத்தில் சரியாகவே இருந்தார். சரியாக இருந்தும் தோற்றார். அந்தத் தோல்வியின் காரணம்தான் வரலாறு.

5

விஸ்கான்சினிலிருந்து மேற்கே, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், இதே சண்டை தலைகீழாக நடந்தது. 1872-இல் உருவான அந்தப் பூங்காவுக்குள் வேட்டை கூடாது. ஓநாய் 1926-க்குள் ஒழிந்தது. வடக்குப் பகுதி எல்க் கூட்டம் மேய்ச்சலை அழிக்கிறது என்று பூங்கா நிர்வாகமே பல ஆண்டுகள் பிடித்து அனுப்பியும் சுட்டும் குறைத்துவந்தது. 1961–62 குளிர்காலத்தில் காவலர்கள் சுமார் 4,300 எல்க்குகளைக் கொன்றார்கள். வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். மான் செத்ததற்காக மட்டுமல்ல: 'சம்பளக்காரன் எதுக்குச் சுடணும்? எங்களை உள்ளே விடு, நாங்க சுடுறோம்.' 1963-இல் வந்த ஆலோசனைக் குழு அறிக்கை பூங்காவுக்குள் பொழுதுபோக்கு வேட்டையை ஏற்கவில்லை. குழுவின் தலைவர் ஆல்டோவின் மகன் ஸ்டார்க்கர் லியோபோல்ட். 1967-இல் செனட் விசாரணையின் நெருக்கடியில் காவலர்கள் சுடுவதும் நின்றது.

எல்க் ஏறியது. 1990-களின் தொடக்கத்தில் வடக்குக் கூட்டம் 19,000-ஐ எட்டியது. குளிர்காலத்தில் பூங்காவைவிட்டு வெளியே இறங்குகிற எல்க்கை மொன்டானாவின் கார்டினர் ஊர்ப்பக்கம் வேட்டைக்காரர்கள் எதிர்கொண்டார்கள். கடைசிப் பருவ வேட்டைக்குத் தனி அனுமதி, பெரும்பாலும் பெண் எல்க்குகளுக்கு. விடுதி, வழிகாட்டி, குதிரை, இறைச்சி வெட்டுகிற கடை என்று ஓர் ஊரே அந்த வேட்டையில் பிழைத்தது. 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து பூங்காவில் விட்டார்கள். 2013-இல் எல்க் 4,000-க்கும் கீழே இறங்கியது. கடைசிப் பருவ வேட்டை அதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது.

ஓநாய்தான் தின்றது என்பது வேட்டைக்காரர் தரப்பு. பாதி உண்மை. கடுங்குளிர், வறட்சி, கன்றுகளைத் தின்கிற கரடி எல்லாமே சேர்ந்தன என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள். ஓநாய் பெரும்பாலும் கன்றையும் கிழடையும் எடுக்கிறது. வேட்டைக்காரனின் தோட்டா ஈனும் வயதிலுள்ள பெண் எல்க்கை எடுத்தது. வருஷத்துக்கு ஆயிரம் அப்படிப் போனால் கூட்டம் சரியத்தானே செய்யும். ஓநாயின் பல் தெரிகிறது. தன் துப்பாக்கிக் குழல் தெரிவதில்லை.

அதற்காக அவனுடைய ஆற்றாமை பொய்யாகிவிடாது. மொன்டானாவின் பல பகுதிகளில் இன்றைக்கு எல்க் துறை விரும்புவதைவிட அதிகம். ஆனால் அது பெரிய தனியார் பண்ணைகளின் வேலிக்குள் நிற்கிறது. பணம் கட்டுகிறவன் உள்ளே போய்ச் சுடுகிறான். கட்ட முடியாதவன் பொதுக் காட்டில் வெறுங்கையோடு நடக்கிறான். 'எல்க் இல்லை' என்று அவன் சொல்கிறபோது 'எனக்கு இல்லை' என்று பொருள். மொத்த எண்ணிக்கையில் அந்த 'எனக்கு' பதிவாவதே இல்லை. எண் நிலச் சொத்தைப் பற்றி வாய் திறக்காது.

6

எண் எப்படிப் பிறக்கிறது என்றும் பார்க்கவேண்டும். விஸ்கான்சினில் பல பத்தாண்டுகள் வேட்டைக்காரன் கொன்ற மானை வண்டியில் ஏற்றிப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் பங்க், சாராயக் கடை, சிற்றுண்டிச் சாலை எதுவும் பதிவு நிலையமாக இருக்கலாம். அங்கே பாலினம் குறிப்பார்கள். பல இடங்களில் துறை ஊழியர் தாடையைப் பிளந்து பல் தேய்மானம் பார்த்து வயசு சொல்வார். இந்தப் பாலினம், வயது, கொலை மூன்றையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, காட்டில் உயிரோடிருக்கிற மான் இத்தனை என்று சொல்வதுதான் முறை. அதாவது துறை எண்ணியது வேட்டைக்காரன் கொண்டுவந்த பிணங்களை. அவனிடமிருந்து வாங்கியதை அவனுக்கே புரியாத ஒரு எண்ணாகத் திருப்பிக் கொடுத்தபோது, இது என் காட்டைப் பற்றியது இல்லையே என்றான் அவன். அதுவும் ஒருவகையில் உண்மை. எண் பல நூறு சதுர மைல் வட்டாரத்துக்கு. அவனுக்குத் தெரிந்தது நாற்பது ஏக்கர். வடக்கே காடு முதிர்ந்து துளிர் குறைந்தபோது அங்கே மான் குறைந்தது. தெற்கே பயிர்க்கொல்லைகளில் பெருகியது. சராசரி என்பது இந்த ரெண்டு இடத்தையும் கூட்டி எந்த இடத்துக்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்வது.

நம்பிக்கை அற்றுப்போயிருந்த இந்த இடத்தில்தான் நோய் வந்தது. 2001 இலையுதிர்காலத்தில் விஸ்கான்சினில் சுட்ட மான்களில் மூன்றுக்கு, மூளையைச் சல்லடையாக்கிக் கொல்கிற நாட்பட்ட மெலிவு நோய் இருப்பது 2002 பிப்ரவரியில் தெரிந்தது. மருந்து கிடையாது. நோய் கண்ட வட்டாரத்தில் மான்களையே இல்லாமல் ஆக்கிவிடுவது என்று துறை முடிவெடுத்தது. பருவத்தை நீட்டியது. 1990-களிலேயே கொண்டுவந்திருந்த ஒரு விதியை அங்கே இறுக்கியது: முதலில் ஒரு பெண்மானைச் சுட்டுப் பதிவுசெய், அப்புறம்தான் ஆண்மானுக்கு அனுமதி. 1915-இன் விதியை அப்படியே தலைகீழாக நிறுத்தியது மாதிரி.

நிலக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். வேட்டைக்காரர்கள் அந்த விதியைப் பிடிக்காத சாமி கும்பிடுகிற மாதிரிச் சகித்துக்கொண்டு, கடைசியில் சட்டமன்றம்வரை போனார்கள். சில ஆண்டுகளில் துறை ஒழிப்புத் திட்டத்தைக் கைவிட்டது. 2011-இல் அந்த விதி சட்டத்தாலேயே ரத்தாயிற்று. 2014-இலிருந்து மாவட்டத்துக்கொரு ஆலோசனைக் குழு. உள்ளூர்க்காரர்களும் உட்கார்ந்து மானைக் கூட்டுவதா குறைப்பதா என்று பரிந்துரைக்கலாம். ஜனநாயகம் என்று கைதட்டலாம்தான். மூன்று மானில் கண்ட நோய் இன்றைக்கு அந்த மாநிலத்தின் பெரும்பகுதியில் இருக்கிறது. நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. துறையின் திட்டம் முழுசாக நடந்திருந்தாலும் நோய் நின்றிருக்குமா என்பது விவாதத்துக்குரியது. 1943-இல் உடைந்த நம்பிக்கையை யாரும் ஒட்டவைக்காததால், 2002-இல் அந்த விவாதத்தை நடத்தவே ஆளில்லாமல் போனது என்பதுதான் என் வாதம்.

7

முதலில் வெளியேற்றப்பட்டவர்களிடம் திரும்புவோம். விஸ்கான்சினின் வடபகுதியை ஓஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுத்தபோது அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் சேகரிக்கவும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். மாநிலம் நூறு வருஷத்துக்கு மேல் அவர்களைக் கைதுசெய்தது. 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமை உயிரோடிருக்கிறது என்றது. ஓஜிப்வேக்கள் ஈட்டியால் மீன் பிடிக்க வந்தபோது படகுத்துறைகளில் கல் வீசியவர்கள், இனவசை கத்தியவர்கள் கூட்டத்தில், 'மரபு' பேசுகிற வெள்ளை வேட்டைக்காரர்களும் மீன்பிடிகாரர்களும் இருந்தார்கள். நிபுணரிடம் 'எங்கள் அனுபவத்தை மதி' என்று கேட்டவர்கள், தங்களைவிடப் பழைய அனுபவத்தைக் கல்லால் அடித்தார்கள்.

2021 பிப்ரவரியில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. மத்தியப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஓநாய் நீக்கப்பட்டிருந்தது. விஸ்கான்சினில் 200 ஓநாய் என்று ஒதுக்கீடு. அதில் 81 ஓஜிப்வேக்களின் பங்கு, 119 மற்ற உரிமக்காரர்களுக்கு. ஓஜிப்வேக்களுக்கு ஓநாய் உடன்பிறப்பு. தங்கள் பங்கைக் கொல்ல அவர்கள் விரும்பவில்லை, உயிரோடு விட விரும்பினார்கள். மூன்று நாளுக்குள் வேட்டையை மூட வேண்டியதாயிற்று; அதற்குள் உரிமக்காரர்கள் 218 ஓநாய்களைக் கொன்றிருந்தார்கள். துறையின் எண் தவறு என்று எண்பது வருஷம் வாதாடியவர்கள், தங்களுக்கென்று ஒரு எண் கொடுக்கப்பட்டதும் மூன்று நாளில் அதைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் சுட வேண்டாம் என்று எடுத்துவைத்த பங்கையும் சேர்த்துத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் ஓநாயை மறுபடி பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

எல்க் வேட்டையிலும் ஒரு கணக்கு நேரானது. 2014-இல் வயோமிங்கின் தேசிய வனமொன்றில் எல்க் சுட்டதற்காகக் க்ரோ பழங்குடி வேட்டைக்காரர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். அவர் 1868 ஒப்பந்தத்தைக் காட்டினார். 2019-இல் உச்ச நீதிமன்றம், மாநிலமானதால் ஒப்பந்த உரிமை அழியாது என்று, 1896 தீர்ப்பின் அடிப்படையையே தள்ளியது. ஒரு சனம் தன் சோறு சட்டப்படியானதுதான் என்று கேட்க 123 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகு வேட்டைக்காரன் பேச்சை என்ன செய்வது? தூக்கிப் போடமுடியாது. நாற்பது ஏக்கரைப் பற்றி அவன் சொல்வது பல சமயம் சரி. வேலியைப் பற்றி அவன் சொல்வது அனேகமாக எப்போதும் சரி. ஆனால் அதை மண்ணிலிருந்து முளைத்த அறிவு என்று தலையில் வைத்துக் கூத்தாடவும் முடியாது. அதில் ரூஸ்வெல்ட் கிளப்பின் ஒழுக்கம் இருக்கிறது, 1915-இன் அபராதச் சீட்டு இருக்கிறது, அறுவடை என்ற சொல் இருக்கிறது, படகுத்துறையில் வீசிய கல் இருக்கிறது. நிபுணரின் எண்ணுக்கும் இதேபோல ஒரு பூர்வோத்தரம் உண்டு. ரெண்டையும் அதனதன் வரலாற்றோடு வாசித்தாக வேண்டும்.

எத்தனை மான் என்று கேட்பதோடு யாருக்கு எத்தனை என்றும், யார் பட்டியலிலேயே இல்லை என்றும் கேட்டால்தான் அந்தக் கேள்வி முழுசாகும். விஸ்கான்சினில் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாவட்டந்தோறும் மக்கள் கூட்டம் போட்டு மானைப் பற்றி வாக்களிக்கிற வழக்கம் 1934-இலிருந்து இருக்கிறது. துறை அதைக் கேட்டாக வேண்டும் என்பதில்லை, அது ஆலோசனைதான். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிற வேட்டைக்காரன், தன்னுடைய தாத்தாவுக்குப் பெண்மானைச் சுடாதே என்று சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால், எதிரே உட்கார்ந்திருக்கிற அதிகாரியும் சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.